சிவப்புக் காருக்கு வந்த நாலு வீல்

எந்தக் காருக்கு எந்த வீல் பொருந்தும் எண்டு இப்ப போன் சொல்லுது. காரின்ர பேரையும் வருசத்தையும் அமத்தினால் காணும், வீல் அளவு, ரயர் அளவு எல்லாம் வரிசையா வந்து விழும். நான் வேலையால நிண்ட மாசம்தான் எங்கட கடைக்கும் இது வந்தது. முதலாளி ஹாஜியாரின்ர மகள் நஸ்ரின்தான் இப்ப கடையைப் பாக்கிறா. "பஸ்தியான் மாமா, இது ஒண்டும் இல்லாம இவ்வளவு காலமும் என்னெண்டு செய்தனீங்கள்? எழுதித் தாங்கோ" எண்டு ஒரு கொப்பியையும் பேனையையும் கையில திணிச்சுப்போட்டா. எனக்கு எழுத்து வராது, வாய்தான் வரும். வாயில வாறதை எழுதுறன். பிழை கிடந்தா அவவே திருத்தட்டும்.

போனில எனக்கு ஒரு கோவமும் இல்லை. அது அப்பவே இருந்திருந்தா எனக்கு ஒரு பெரிய கரைச்சல் வந்திராது. அந்தக் கரைச்சலைத்தான் சொல்லப்போறன்.

நான் மன்னார்ப் பள்ளிமுனையான். அப்பா, சித்தப்பா, அண்ணன்மார் எல்லாரும் கடல். எனக்கு வள்ளத்தில ஏறினாச் சத்தி. மூண்டு தரம் கூட்டிக்கொண்டு போய்ப் பாத்திட்டு, "இவன் மீனுக்குச் சாப்பாடு போடத்தான் சரி" எண்டு அப்பா கையை விட்டிட்டார். பிறகு கொழும்பில, பஞ்சிகாவத்தையில ஒரு ரயர் கடையில கொண்டுபோய் விட்டவை. அங்க ஆறு வருசம். ரயர் கழட்ட, ஒட்ட, பூட்ட, சிங்களத்தில பேச்சு வாங்க எல்லாம் அங்க பழகினதுதான். அதைப்பற்றி எழுத வேற ஒண்டுமில்லை. இடுப்பு நாரி நோகும், அவ்வளவுதான்.

சண்டை கொஞ்சம் ஓய்ஞ்சிருந்த நேரம் மன்னாருக்குத் திரும்பி வந்தன். புத்தளத்தில அகதியாக் கிடந்த ஹாஜியாரும் அந்த நேரம்தான் திரும்பி வந்து ரவுணில கடையைத் திறந்தவர். ரெண்டு பேரும் வெறுங்கையோட வந்த ஆக்கள். வாகனம் தூக்கிற ஒரு ஜக், ஒரு காத்துப் பம்பு, ரெண்டு கதிரை. அதில ஒரு கதிரைக்குக் கால் மூண்டு.

ஹாஜியாரைப் பற்றிக் கொஞ்சம் ஆறுதலாச் சொல்லவேணும். மெலிஞ்ச மனுசன். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்டு, முப்பது ரயர் கழட்டினாலும் அதில ஒரு கறை பிரளாது. எனக்கு ஒரு நாளைக்கு ஒரு சேட்டுக் காணாது, அவர் என்ன மாயம் செய்தாரோ தெரியாது. சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். சந்தோசமா இருந்தா "டேய் பஸ்தியான், வாடா" எண்டுவார். கோவம் வந்தா மரியாதை கூடும். "பஸ்தியான், நீங்கள் ஒருக்கா இஞ்சால வாங்கோ" எண்டார் எண்டால் நான் என்னவோ பிழை விட்டிட்டன் எண்டு அர்த்தம். கடையில எல்லாருக்கும் அது தெரியும். "இண்டைக்கு உனக்கு நீங்களோ?" எண்டு பகிடி பண்ணுவாங்கள்.

ஆரும் புது வீல் போடவேணும் எண்டு வந்தா முதலில ஆளைக் கதிரையில இருத்துவார். பிளேன்ரீ வரும். பொருந்தும் எண்டும் சொல்லமாட்டார், பொருந்தாது எண்டும் சொல்லமாட்டார். "அளந்து பாப்பம்" எண்ட சொல் மட்டும்தான் வரும். மேசை லாச்சியைத் திறந்து, லேஞ்சித் துணியில சுத்தி வைச்சிருக்கிற வேர்ணியரை எடுப்பார். அது அளவுகோல்தான், மில்லிமீற்றரைப் பத்தாப் பிரிச்சுக் காட்டும். முதல் பழைய வீல், பிறகு புது வீல், அந்த ஒழுங்கு மாறாது. போல்ற் ஓட்டையள் நிக்கிற வட்டம், நடு ஓட்டை, வீல் உள்ளுக்கு எவ்வளவு போகுது, வெளிய எவ்வளவு தள்ளுது, கடைசியா ரயரின்ர முழு உயரம். எல்லாத்தையும் சோக்கால சுவரில எழுதவேணும், இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் புதுசு. பூட்டுறதுக்கு முதல் வீல் வந்து இருக்கிற முகத்தைக் கம்பித் தும்பால தேய்ச்சு எடுக்கவேணும். எங்கட ஊர் உப்புக் காத்துக்கு எல்லாத்திலயும் துரு ஏறும், துருவுக்கு மேல பூட்டின வீல் ஒருநாளும் நேராய் இராது.

அதுக்குப் பிறகு விரல். ஒவ்வொரு போல்ற்றும் வெறும் விரலால கடைசி மட்டும் சுத்திப் போகவேணும். விரலுக்குப் போகாட்டி ஸ்பனரைத் தொடக்கூடாது. இதுதான் ஹாஜியாரின்ர சட்டம், இதில அவருக்கு விட்டுக்குடுப்பே இல்லை.

கடைசியா நாலு ஆள் சோதினை. அது வந்ததுக்கு ஒரு கதை இருக்கு. அடம்பனில இருந்து ஒருத்தர் தன்ர பிக்கப்புக்கு அகல ரயர் போட்டுக்கொண்டு போனார். கடை வாசலில பாக்க அந்தமாதிரி வடிவு. நெல்லு மூட்டை ஏத்தின உடன மட்காட் விளிம்பு ரயரைச் சீவிப்போட்டுது. வந்து கத்தினார், பாருங்கோ, சந்தைச் சனம் முழுக்கக் கூடிற்றுது. எங்கட பக்கத்தில வாகனம் வெறுமனே ஓடினதை ஆர் கண்டது? மூட்டை ஏறும், ஆள் ஏறும், ஆட்டுக்குட்டியும் ஏறும். அண்டையில இருந்து ஹாஜியார் மட்காட்டின்ர உள் விளிம்பில சோக் பூசுவார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில இருக்கிற நாலு தடிச்ச ஆக்களைக் கூப்பிட்டு ஏத்துவார். நான் ஸ்ரியறிங்கை ரெண்டு பக்கமும் முடிவுமட்டும் திருப்புவன். ரயரில வெள்ளை பட்டிருந்தா அந்த வீல் போகாது. பம்பலா இருக்கும். சில பேர் கூப்பிடாமலே வந்து ஏறிக்கொண்டு இருப்பினம்.

இனிக் கிளாக்கர் ஐயாவின்ர கதை.

சந்தியோகு கிளாக்கர் தலைமன்னார்ச் சுங்கக் கந்தோரில வேலை செய்து பென்சன் எடுத்தவர், எங்கட பள்ளிமுனை ஆள். அவரிட்ட ஒரு சிவப்புக் கார் இருந்தது. இத்தாலியில செய்த ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், எழுபதுகளில வந்தது. சண்டைக் காலம் முழுக்கக் கொட்டிலுக்க கிடுகு மூடிக் கிடந்து தப்பினது. எஞ்சின் நல்லம். ரயர் மட்டும் வெடிச்சுப் பாளம் பாளமாப் போச்சுது.

அவருக்கு ஒரே மகன், ரெஜி. குருமடத்தில சேத்துச் சுவாமியாராக்கவேணும் எண்டு தகப்பனுக்கு ஆசை. பெடியன் இடையில வெளிக்கிட்டு, சொல்லாமக் கொள்ளாம இத்தாலிக்குப் போய், அங்கயே கலியாணமும் முடிச்சுப்போட்டான். ஒன்பது வருசம் தகப்பனும் மகனும் ஒரு கதை பேச்சில்லை. தாய் இருக்குமட்டும் தாயோட கதைப்பான். தாயும் போய்ச் சேர்ந்திட்டா.

அப்பிடி இருக்கேக்க ஒருநாள் கொழும்பில இருந்து லொறியில நாலு பெட்டி வந்திறங்கிச்சுது. ரெஜி அனுப்பின அலோய் வீல் நாலு, பதினாலு இஞ்சி. கூட ஒரு துண்டு. ஆவணித் திருவிழாவுக்கு மனுசியோடயும் பிள்ளையோடயும் வாறானாம், அப்பாவின்ர காரில மடு மாதா கோயிலுக்குப் போவமாம். கிளாக்கர் அந்தத் துண்டைக் கடைக்குக் கொண்டுவந்து எனக்கு வாசிச்சுக் காட்டினார். ஏற்கெனவே பத்துத் தரம் வாசிச்சிருப்பார், மடிப்பில கிழிஞ்சு போச்சுது.

"பஸ்தியான், அவன் வந்திறங்கேக்க இந்த வீலோட கார் நிக்கவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்" எண்டார்.

ஹாஜியார் ஒரு கலியாணத்துக்குப் புத்தளம் போயிருந்தார். கடையில நான்தான் பெரியாள். திருவிழா நேரம், வாசலில வான் வரிசை. கிளாக்கரைக் கதிரையில இருத்தினன், தேத்தண்ணி எடுப்பிச்சன், எல்லாம் ஹாஜியார் மாதிரித்தான். ரயர்க் கணக்கைச் செவ்வையாப் போட்டன். பழைய பதின்மூண்டு இஞ்சி வீலில ரயரோட முழு உயரம் ஐஞ்ஞூற்றித் தொண்ணூத்தி நாலு மில்லிமீற்றர். பதினாலு இஞ்சிக்கு நூற்றெண்பத்தஞ்சு அகலத்தில, அறுபத்தஞ்சு உயர விகிதத்தில ரயர் போட்டா ஐஞ்ஞூற்றித் தொண்ணூத்தாறு. ரெண்டு மில்லிதான் கூட, மைல் காட்டுற முள்ளுக்கே தெரியாது. உற்பத்தி வாரத்தைக் காட்டுற நாலு இலக்கத்தையும் பாத்து, புது ரயராவே எடுத்தன். புது வீலின்ர ஓட்டை வட்டத்தை அளந்து சுவரில வலப்பக்கம் நூறு எண்டு எழுதினன்.

இடப்பக்கம் எழுதேல்லை. பழைய வீலின்ர ஓட்டை வட்டத்தை நான் அளக்கேல்லை. அதுவும் நாலு ஓட்டை, இதுவும் நாலு ஓட்டை, அதுவும் இத்தாலி, இதுவும் இத்தாலி எண்டு விட்டிட்டன். விசர்தானே.

முதல் போல்ற் விரலுக்கு வழுக்கிக்கொண்டு போச்சுது. பக்கத்து ரெண்டும் முக்கி முனகிப் போனது. எதிர்ப்பக்கத்து நாலாவது அரைச் சுத்தோட நிண்டிட்டுது. எனக்கு அப்பவே தெரியும். பொய் சொல்லக்கூடாது, விரலுக்கு வடிவாத் தெரிஞ்சது. நிமிர்ந்து பாத்தன். கிளாக்கர் கதிரையை விட்டு எழும்பி வந்து, ரெண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டு வீலையே பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டார். அந்த முகத்துக்கு என்னத்தைச் சொல்லுறது? போல்ற் இறுக்கிற எயார் கன்னை எடுத்து ஒரு அடி அடிச்சன். போல்ற் இறுகிச்சுது. மற்ற மூண்டு வீலுக்கும் அதே வேலைதான். நாலு ஆள் சோதினையும் செய்தன், சோக் படேல்லை. உள்ளுக்கிருந்த ஆக்கள் கை தட்டிச்சினம்.

பெரிய பாலம் மட்டும் ஓடிப் பாத்தம். நாப்பது மைல் வேகத்தில ஸ்ரியறிங்கில ஒரு நடுக்கம்.

"அது றோட்டு" எண்டார் கிளாக்கர்.

"ஓம் ஐயா, றோட்டுத்தான்" எண்டன். அந்தச் சொல்லை நினைச்சா இப்பவும் எனக்கு வெக்கம். அவர் அங்கயிருந்து நேர கோயிலுக்குப் போய், சுவாமியாரைக் கொண்டு காரை மந்திரிப்பிச்சிட்டார். வீல் ஒவ்வொண்டிலயும் தீர்த்தம் தெளிச்சவை எண்டு பிறகு எனக்குச் சொன்னார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அண்டைக்குப் பின்னேரம், திருவிழாவுக்கு முதல்நாள் வெஸ்பர் பூசைக்கு, கிளாக்கர் வீட்டு ஆக்கள் மடுவுக்கு வெளிக்கிடுகினம். காலமை ஹாஜியார் வந்தார். சலாம் சொன்னார், கலியாணச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார், அப்பிடியே சுவரைப் பாத்தார்.

"இடப்பக்கம் எங்க?"

மூலையில கிடந்த கிளாக்கரின்ர பழைய வீல் ஒண்டை அவரே உருட்டிக்கொண்டு வந்து, குந்தியிருந்து வேர்ணியரை வைச்சார். ரெண்டாந்தரமும் வைச்சார். தொண்ணூத்தெட்டு.

"விரலால போச்சுதோ?"

"ஒண்டு போச்சுது..."

"பஸ்தியான், நீங்கள் வானில ஏறுங்கோ."

ரயர் உயரத்தில ரெண்டு மில்லி ஒண்டுமேயில்லை. ஓட்டையில ரெண்டு மில்லி எண்டா நாலு போல்ற்றும் சாய்ஞ்சு இறுகி நிக்கும். ஓட ஓட இளகும், இல்லாட்டி அறும். மடு றோட்டில, ஆள் நிறைஞ்ச காரில ஒரு வீல் கழண்டா? வானில ஹாஜியார் ஒண்டு மட்டும் சொன்னார். "நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொன்னா முதலாளி சொன்ன கதையாப் போயிரும்."

கிளாக்கர் வீட்டு முத்தத்தில கார் மினுங்கிக்கொண்டு நிண்டது. ரெஜி விடியத்தான் வந்திறங்கினவன். மனுசி பாயும் சட்டி பானையும் காருக்குள்ள அடுக்கிக்கொண்டிருந்தா. சின்னப் பெட்டை ஒண்டு பின் சீற்றில ஏறிக் குதிச்சுக்கொண்டிருந்தது. அதைக் கண்ட உடன என்ர மாதாவே எண்டு போச்சுது எனக்கு.

கிளாக்கரைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னன். "ஐயா, நான் பூட்டினது பிழை. இந்த வீலோட போகேலாது. கழட்டவேணும்."

மனுசன்ர முகம் கறுத்துப் போச்சுது. "மந்திரிச்ச சாமானைக் கழட்டுறதோ? தீர்த்தம் தெளிச்சது, பஸ்தியான்!"

ஹாஜியார் மெல்லமாச் சொன்னார். "கிளாக்கர் ஐயா, கழட்டி வைச்சா அந்தத் தீர்த்தம் குறைஞ்சு போகுமோ? எனக்குத் தெரியாது. வேணுமெண்டா சுவாமியாரைக் கேப்பம், வாங்கோ."

கிளாக்கர் கிணத்துக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு சொன்னார். "ஒன்பது வருசத்தில அவன் எனக்கு அனுப்பின முதல் சாமான். வந்து நாலு மணித்தியாலம் ஆகேல்லை. அவன்ர கண்ணுக்கு முன்னால கழட்டி எறியச் சொல்லுறியோ? பிறகு எந்த மூஞ்சியோட அவன் இந்த வாசலுக்கு வருவான்?"

"பிள்ளை ஏறியிருக்கு ஐயா" எண்டன்.

ரெஜி பின்னால வந்து நிண்டதை நாங்கள் காணேல்லை. எல்லாத்தையும் கேட்டிருக்கிறான். நேர காரடிக்குப் போய்க் குந்தியிருந்து போல்ற்றைத் தடவிப் பாத்தான்.

"எத்தின மில்லி, அண்ணை?"

"உங்கட வீல் நூறு. கார் தொண்ணூத்தெட்டு."

அவன் நிமிரேல்லை. குந்தியிருந்தபடியே சொன்னான். "அங்க ஒருத்தனிட்ட பழசா வாங்கினனான். அவன் அளவு கேட்டவன், அப்பா. நான் பழைய போட்டோவில ஓட்டையை எண்ணிப்போட்டு, நாலு எண்டு சொன்னன். உங்களுக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். போனை எத்தினயோ தரம் கையில எடுத்தனான்."

கிளாக்கர் அவனுக்கு முன்னால போய் நிண்டார். "எடுத்திருந்தாலும் நான் தூக்கியிருக்கமாட்டன்" எண்டார். "தூக்கியிருக்கமாட்டனடா." அதைச் சொல்லிக்கொண்டே அப்பிடியே மண்ணில இருந்திட்டார், வெள்ளைச் சேட்டோட. அழுதார். மகன் அவரின்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு தானும் அழுதான். நான் என்ர பாட்டுக்கு ஜக்கை எடுக்க வானுக்குப் போயிட்டன், ஹாஜியார் அங்க ஏற்கெனவே நிண்டார்.

போல்ற்றுகளை ரெஜிதான் கழட்டினான். போல்ற்றுத் தலைக்குக் கீழ இருக்கிற கூம்பு ஒரு பக்கம் மட்டும் வெள்ளையா உரஞ்சிக் கிடந்தது, ரெண்டுக்குப் புரி இழுபட்டிருந்தது. ஐம்பது மைல் தாங்கியிராது. நல்ல காலம், பழைய வீலின்ர அளவுக்கு ரயர் கடையில நாலு கிடந்தது, சின்ன வான்களுக்கெண்டு எடுத்தது. கடையில பழைய வீலுக்கு அதைப் போட்டுக் கொண்டுவந்து, ஜும்மாத் தொழுகைக்கு முதல் பூட்டி முடிச்சம். புரி போன ரெண்டுக்கும் வேற போல்ற், எல்லாம் விரலால, கடைசி மட்டும். துருப் பிடிச்ச பழைய வீலோட சிவப்புக் கார் மடுவுக்குப் போச்சுது.

மந்திரிச்ச வீலை விட்டிட்டுப் போகேலாது எண்டு கிளாக்கர் ஒற்றைக்காலில நிண்டார். வேற வழி? நாலையும் கடை வானில ஏத்தி, தொழுகை முடிச்சு வந்த ஹாஜியார் ஓட்ட, நான் பக்கத்தில இருக்க, காருக்குப் பின்னால நாங்களும் போனம். கோயில் வளவில மரத்துக்குக் கீழ நாலு வீலையும் வைச்சு, அதில ஒண்டுக்கு மேல ஹாஜியார் ஏறி இருந்தார். "மடுவுக்கு எத்தினயோ தரம் வந்தனான், வீலோட வந்தது இதுதான் முதல்தரம்" எண்டார். அதுவும் என்னைப் பாத்துச் சொல்லேல்லை, வீலைப் பாத்துத்தான்.

ரெஜி நிண்ட ரெண்டு கிழமைக்குள்ள அலுவல் பாத்தம். தலைக்குக் கீழ கூம்பு தனிய அசையிற போல்ற் ஒரு வகை இருக்கு, ரெண்டு மில்லி வித்தியாசத்தை அது தாங்கிக்கொள்ளும். கொழும்பில இருந்து எடுப்பிச்சம். வீலின்ர நடு ஓட்டை பெருசு, அதுக்கு லேத்தில அலுமினிய வளையம் நாலு கடைஞ்சம். இடப்பக்கம் வலப்பக்கம் எல்லாம் எழுதினன். போல்ற்றை விரலால போட்டது ரெஜி, வளையத்தைப் பிடிச்சது கிளாக்கர். ரெண்டு பேரும் நடுவில ஒரு சண்டையும் பிடிச்சினம், வளையத்துக்கு எண்ணெய் பூசுறதோ கிறீஸ் பூசுறதோ எண்டு. பாலம் மட்டும் ஓடினம். அறுபதில ஒரு நடுக்கமும் இல்லை. கடைக்குத் திரும்பி வர ஹாஜியார், "டேய் பஸ்தியான், தேத்தண்ணி குடிச்சியோடா?" எண்டு கேட்டார். ரெண்டு கிழமைக்குப் பிறகு கேட்ட "டேய்". எனக்கு வந்த சந்தோசப் புழுகத்துக்கு ரெண்டு தேத்தண்ணி குடிச்சன்.

இவ்வளவு காலமும் வேலை செய்ததில இந்த ஒரு வேலைதான் எனக்கு நல்லா நினைவிருக்கு, பிழை விட்டதாலயாக்கும். கைக்குத் தெரிஞ்சதை வாய் மறைக்கக்கூடாது எண்டு அதுக்குப் பிறகு நான் ஒருத்தருக்கும் "றோட்டு" எண்டு சொல்லேல்லை. மற்றும்படி எனக்கு ஒரு குறையுமில்லை. நாரி நோகுது, பென்சன் இல்லை, ஆனா காலமையில எழும்பிக் கடற்கரைப் பக்கம் நடக்கேக்க எனக்குக் கை காட்டாம ஒரு வாகனம் போகாது.

ரெஜி திரும்பிப் போனாப் பிறகு ஞாயிற்றுக்கிழமையில ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய இத்தாலியில இருந்து போன் வரும். அப்பா, சைட் கண்ணாடி எத்தின இஞ்சி? அப்பா, கதவு றப்பர் எவ்வளவு நீளம்? அந்தக் காரில இனி மாத்த ஒரு சாமானும் மிச்சமில்லை, ஆனா அவன் அளவு கேட்டு முடியேல்லை. போன ஞாயிறு கிளாக்கர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கண் இப்ப வடிவாத் தெரியிறேல்லை அவருக்கு. ஒரு கையில அளக்கிற ரேப், மற்றக் கையில போன்.

"வைப்பர் தடிக்கு அளவு கேக்கிறான். எனக்கு இலக்கம் தெரியுதில்லை. ஒருக்கா வாசி, பஸ்தியான்."

"போனைத் தாங்கோ ஐயா, நானே அவனுக்குச் சொல்லுறன்" எண்டன்.

போனை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கொண்டார்.

"வேண்டாம். நீ வாசி. நான் சொல்லுறன்."